திறந்தால் போய்விடும் அமிலம்

நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிடு என்று இன்பசேகரன் சார் என்னிடம் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். முதலில் அதட்டினார். பிறகு அறிவுரை மாதிரிச் சொன்னார். கடைசியில் வீட்டுக்குக் கூப்பிட்டு, அவர் மனைவி கையால் கேசரி கொடுக்க வைத்துச் சொன்னார். கேசரியைச் சாப்பிட்டேன். அத்தியாயத்தை எடுக்கவில்லை.

அவர் மதுரையில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறைத் தலைவர். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி. நான் பிலோமினாள். பகலில் மிஷன் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துவிட்டு, சாயங்காலமும் சனி ஞாயிறும் அவருடைய ஆய்வுக்கூடத்தில் கிடந்தவள். ஐந்து வருஷம் அப்படிக் கிடந்துதான் அந்த ஆய்வேட்டை எழுதினேன். எண்பத்து நான்காம் வருஷம் பொங்கல் முடிந்த கையோடு அதைச் சென்னையிலிருந்த வெளித்தேர்வாளருக்கு அனுப்பினோம். மாசி மாசம் அவர் கருத்து வந்தது. முதல் மூன்று அத்தியாயமும் பரவாயில்லையாம். நான்காவது மட்டும் சோடாக் கடை வேதியியலாம். அப்படியே எழுதியிருந்தார், பெரிய மனிதர்.

சோடா என்று அவர் சொன்னதில் எனக்குக் கோபமே இல்லை, அது சோடாதான். தண்ணீருக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை அழுத்தி ஏற்றினால் தண்ணீர் லேசாக அமிலமாகும். சோடா குடிக்கும்போது நாக்கில் சுருக்கென்று தைப்பது அதனால்தான். அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட அமிலமும் கூடும். இன்னொன்றும் உண்டு. முப்பத்தொரு டிகிரி சூட்டுக்கு மேல் அந்த வாயுவை நன்றாக இறுக்கினால், அது வாயுவும் இல்லை, திரவமும் இல்லை என்று ஒரு நிலைக்கு வந்து எண்ணெயைக் கரைக்க ஆரம்பிக்கும். வெளிநாட்டில் அந்தச் சூட்டுக்கு ஹீட்டர் வேண்டும். மதுரையில் பங்குனி பிறந்தால் ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும். ஆக, ஒரே பாத்திரத்தில் எண்ணெயைக் கரைக்க வாயு இருக்கிறது, மற்றதைக் கரைக்கத் தண்ணீர் இருக்கிறது, வேதிவினையை முடுக்கிவிட அமிலமும் இருக்கிறது. வேலை முடிந்து வால்வைத் திறந்தால் வாயு போய்விடும், அதோடு அமிலமும் போய்விடும். மிச்சம் இருப்பது தண்ணீரும் நமக்கு வேண்டிய சரக்கும் மட்டும்தான்.

இந்தப் புத்தி எனக்கு ஆய்வுக்கூடத்தில் வரவில்லை. எம்.எஸ்ஸி. முடித்ததும் திருமங்கலம் ரோட்டில் ஒரு தைலக் கம்பெனியில் கெமிஸ்ட்டாகச் சேர்ந்தேன். எலுமிச்சை வாசனை அடிக்கும் யூக்கலிப்டஸ் தைலம் கொடைக்கானலிலிருந்து டின் டின்னாக வரும். அதைக் கந்தக அமிலம் கலந்த தண்ணீரில் போட்டுக் கலக்கினால் புதினா வாசனையுள்ள சரக்காக மாறும். வடக்கே அதற்கு நல்ல கிராக்கி. கழுவிய அமிலத் தண்ணீரைச் சுண்ணாம்பு போட்டு அடக்கிய பிறகுதான் வெளியே ஓடையில் விட வேண்டும். சுண்ணாம்பு மூட்டை ஒன்று ஆபீஸ் வாசலில் பார்வைக்கு இருந்தது. நான் இருந்தவரை அதை யாரும் பிரிக்கவில்லை.

ஒருநாள் காலையில் இருளாயி என்ற பெண் கம்பெனி கேட்டுக்கு வந்து நின்றாள். ஓடைக்கரையில் அவளுக்குக் கொஞ்சம் வயலும் ஒரு கிணறும் இருந்தன. இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு தூக்குச்சட்டி. சட்டியைத் திறந்து காட்டினாள். பால் கட்டி கட்டியாகத் திரிந்து கிடந்தது. கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் காய்ச்சினால் தினமும் இப்படித்தான் ஆகிறதாம், பிள்ளைகளுக்கு வயிறு எரிகிறதாம். முதலாளி உள்ளே இருந்துகொண்டு என்னை அனுப்பினார். தண்ணீர் நல்ல தண்ணீர்தான், நான் கெமிஸ்ட் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வரச் சொன்னார்.

கேட்டுக்குப் போனேன். இருளாயி சத்தம் போடவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "தண்ணி கெட்டுப்போச்சுக்கா. நாங்கதான் கெடுத்தோம்" என்று சொன்னேன். உள்ளே திரும்பி வந்தபோது எனக்கு வேலை இல்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது முதலாளி சிரித்துக்கொண்டே கேட்டார், ஆசிட் இல்லாமல் தைலம் மாறுமா, மாற்றிக் காட்டேன் பார்ப்போம் என்று. அன்றைக்குப் பஸ்ஸில் உட்கார்ந்து அந்த ஆளைத் திட்டிக்கொண்டே ஆரப்பாளையம் வந்து இறங்கினேன். திட்டித் தீர்த்த பிறகு, மாற்றித்தான் பார்ப்போமே என்று தோன்றியது. என் நான்காம் அத்தியாயம் அதுதான். அதே தைலம், அதே புதினாச் சரக்கு. கந்தக அமிலத்துக்குப் பதில் சோடாத் தண்ணீர்.

அதை எடுத்துவிட்டுப் பட்டம் வாங்கிக்கொள் என்றால் எப்படி இருக்கும்? மற்ற மூன்று அத்தியாயமும் சாரின் பழைய வேலையின் தொடர்ச்சி. யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். என்னுடையது என்று சொல்ல அந்த ஒன்றுதான் இருந்தது.

தேர்வாளர் கருத்து மேலோட்டமான கிண்டல் மட்டும் இல்லை. அதில் ஒரு குற்றச்சாட்டும் இருந்தது. வினை முடிந்த தண்ணீரில் நீல லிட்மஸ் தாளை நனைத்தால் தாள் சிவக்காமல் நீலமாகவே இருக்கிறது என்று நானே எழுதியிருந்தேன். அப்படியானால் அதில் அமிலமே இல்லை. அமிலம் இல்லாமல் இந்தத் தைலம் மாறாது. ஆகவே ஒன்று, வினை நடக்கவே இல்லை. அல்லது ஆராய்ச்சி செய்தவள் எங்கோ அமிலத்தைச் சேர்த்துவிட்டுக் கழுவி மறைத்திருக்கிறாள். இதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. என் கணவர் ஜேசுராஜ் தட்டை மூடி வைத்துவிட்டு, அந்த ஆளை மதுரைக்கு வரச்சொல்லி அவர் கண் முன்னாலேயே செய்து காட்டினால் என்ன என்று கேட்டார். அவர் ஒரு பள்ளிக்கூட கிளார்க். வேதியியல் தெரியாது, என்னைத் தெரியும்.

மறுநாளே இன்பசேகரன் சாரிடம் போய் நின்றேன். வைவா அன்று தேர்வாளர் முன்னால் சோதனையைச் செய்துகாட்டுகிறேன் என்றேன். வைவா என்பது எல்லோர் முன்னிலையிலும் நடக்கும் வாய்மொழித் தேர்வு. அங்கே தோற்றால் ஊரே பார்க்கத் தோற்க வேண்டியதுதான். சாருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"வேணாம் பிலோமி. மூணு அத்தியாயத்துக்கே பட்டம் குடுத்துருவாரு. நாலாவது இருந்தா மொத்தத்துக்கும் கேடு."

"நாலாவது இல்லாத பட்டம் எனக்கு வேணாம் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை வருஷத்தில் என்னுடைய ஒவ்வொரு ஆறு மாத அறிக்கையிலும் அவர்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். நல்ல மனிதர். எங்கள் பள்ளிக்கூடத்தில் நிர்வாகத்தோடு பேசி எனக்கு லீவு வாங்கித் தந்தவர். ஆய்வுக்கூடச் சாவியை என்னை நம்பிக் கொடுத்தவர். அன்றும் கடைசியில் சரி என்றுதான் சொன்னார், வாய்க்குள்ளேயே.

வைவா பங்குனிக் கடைசியில் வைத்தார்கள். வைவா என்றால் எங்கள் பக்கத்தில் கிட்டத்தட்ட ஒரு கல்யாணம். வெளித்தேர்வாளரை ரயிலடியில் போய் அழைக்க வேண்டும். நல்ல லாட்ஜ் பார்த்துத் தங்கவைத்து, கோயிலுக்குக் கூட்டிப்போய்த் தரிசனம் செய்துவைக்க வேண்டும். கிளம்பும்போது அவர் வீட்டம்மாவுக்கு ஒரு சுங்குடிச் சேலை. சேலை வாங்க மாட்டேன் என்று நான் ஒரே பிடியாக நின்றுவிட்டேன். என்னைத் திருடி என்று எழுதிய மனிதருக்கு நான் ஏன் சேலை வாங்க வேண்டும்? சார் தன் கைக்காசில் வாங்கி வைத்துக்கொண்டார் என்று அப்புறம் தெரிந்தது. ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் என்னால் தட்ட முடியவில்லை. வைவாவுக்கு வருகிற அத்தனை பேருக்கும் டிபன் உண்டு, அதை ஆராய்ச்சி செய்தவளே தன் கையால் பரிமாற வேண்டும்.

அன்று காலையில் ஹாலில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். அடுத்த கல்லூரிகளிலிருந்துகூட வந்திருந்தார்கள். சோடாக்காரி தோற்பதைப் பார்க்க வந்தவர்களும் அதில் உண்டு, எனக்குத் தெரியும். தேர்வாளர் உயரமான ஆள், வெள்ளை முழுக்கை. என்னைப் பார்த்ததும் இங்கிலீஷில் ரொம்ப மரியாதையாக, எங்கே உங்கள் சோடாக் கடை என்று கேட்டார். பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனேன்.

ஆரப்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் கனத்த ஸ்டீல் குழாயை வெட்டிக் கடைந்து செய்த பாத்திரம் அது. மூடிக்கு எட்டு போல்ட், மேலே அழுத்தம் காட்டும் கடிகாரம், ஓரத்தில் ஒரு வால்வு. துறையில் எல்லோரும் அதை பிலோமியின் குக்கர் என்பார்கள். பக்கத்தில் சோடாக் கம்பெனிக்காரர்கள் வாங்கும் அதே கேஸ் சிலிண்டர் நின்றது. தேர்வாளர் பாத்திரத்தின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். தான் கொண்டுவந்திருந்த பாட்டிலிலிருந்து காய்ச்சி வடித்த தண்ணீரைத் தானே ஊற்றினார். தைலத்தையும் அவரே அளந்து ஊற்றினார். எலுமிச்சை வாசனை அறையைத் தூக்கியது. மூடியை எடுத்து மேலே வைத்தேன்.

அப்போதுதான் இன்பசேகரன் சார் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். போண்டா ஆறுகிறது, எல்லோரும் காத்திருக்கிறார்கள், முதலில் டிபன் முடியட்டும், பாத்திரத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். தேர்வாளருக்கும் பசி. நான் முந்தானையைச் செருகிக்கொண்டு போண்டா வாளியைத் தூக்கினேன். சட்னி ஊற்றினேன், இரண்டாவது போண்டா வேண்டாம் என்றவர்களுக்கும் வைத்தேன். துறை அட்டெண்டர் மொக்கையன் அண்ணன் காபி டம்ளர்களோடு என் பின்னாலேயே வந்தார். திரும்பி அறைக்குப் போனபோது மூடி வைத்தது வைத்தபடி இருந்தது. மொக்கையன் அண்ணன் போல்ட்டுகளை முடுக்கினார், நான் சிலிண்டரைத் திறந்தேன். தேர்வாளர் கடிகார முள் ஏறுவதைக் குனிந்து பார்த்தார். தைலம் மாற இன்னும் சூடு வேண்டும் என்பதால் எண்ணெய்ச் சட்டியில் பாத்திரத்தை இறக்கி அடுப்பைப் பற்றவைத்துவிட்டு ஹாலுக்குப் போனோம்.

இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். நானும் ஒரு வேலை செய்தேன். முந்தின நாள் தெருமுனை சோடாக் கடையில் கோலி சோடா பாட்டிலில் குழாய்த் தண்ணீரோடு நீல லிட்மஸ் கரைசலையும் ஊற்றி கேஸ் ஏற்றி வாங்கி வைத்திருந்தேன். பாட்டிலைப் பையிலிருந்து எடுத்ததும் ஹால் முழுக்கச் சிரிப்பு. சிரிக்கட்டும் என்று தூக்கிப் பிடித்தேன். உள்ளே தண்ணீர் சிவப்பாக இருந்தது. கோலியைக் கட்டைவிரலால் அமுக்கினேன், புஸ்ஸென்று பொங்கியது. கண்ணாடிக் குவளையில் ஊற்றிச் சூடு காட்டினேன். குமிழெல்லாம் போகப் போகச் சிவப்பு வெளுத்து நீலம் திரும்பி வந்தது. அடைத்து வைத்திருக்கும்வரை அது அமிலம், திறந்தால் தண்ணீர், லிட்மஸ் தாளில் அமிலத்தைத் தேடியவர் தேட வேண்டிய நேரத்தில் தேடவில்லை என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. தேர்வாளர், இது சோடாவுக்குச் சரி, தைலம் மாறியதா என்று பார்ப்போம் என்றார். அதுவும் நியாயம்தான்.

பாத்திரத்தை ஆறவைத்து வால்வைத் திறந்தேன். வாயு சீறிக்கொண்டு வெளியேறி முடிந்ததும் மூடியைக் கழற்றினோம். புதினா வாசனை குப்பென்று அடித்தது. வாசலில் நின்றவர்கள்கூட மூக்கை உறிஞ்சினார்கள். தேர்வாளர் கண்ணாடிக் குச்சியால் தொட்டு முகர்ந்தார், அவர் முகமே மாறிவிட்டது. மாறாமல் மீந்த தைலம் எவ்வளவு என்று பார்க்க அவரே டைட்ரேஷன் செய்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு மாறிவிட்டதாகக் கணக்கு வந்தது, அதைக் கரும்பலகையில் எழுதினார். என் கையைப் பிடித்துக் குலுக்கி, எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றார். யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை வரவில்லை. அந்தப் பாத்திரத்தோடு நான் வருஷக்கணக்காகக் குடித்தனம் நடத்தியவள். இரண்டு மணி நேரத்தில் அது நாற்பதைத் தாண்டியதே இல்லை. ராத்திரி முழுக்க விட்டால்தான் எழுபது எழுபத்தைந்து வரும். வாசனையும் சரியில்லை. எலுமிச்சை கொஞ்சமாவது மிஞ்சியிருக்க வேண்டும், துளிகூட இல்லை. மேஜையிலிருந்த நீல லிட்மஸ் தாள் ஒன்றைக் கிழித்து அந்தத் தண்ணீரில் நனைத்தேன். சிவந்தது. ஒருவேளை வாயு கொஞ்சம் தங்கியிருக்கலாம் என்று சோதனைக் குழாயில் ஊற்றிக் கொதிக்கவைத்தேன். இன்னொரு தாளை நனைத்தேன். அதுவும் சிவந்தது.

இதை யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் தேர்வாளரைச் சுற்றி நின்றார்கள். தாளைக் கசக்கி எறிந்துவிட்டு நான் சும்மா இருந்திருந்தால் அந்த நிமிஷமே எனக்குப் பட்டம். ஆசை வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், வந்தது. ஆனால் அந்தச் சிவப்புத் தாளைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் பொங்கியது. எதை இல்லாமல் செய்யலாம் என்று காட்ட வந்தேனோ அதையே என் பாத்திரத்தில் ஊற்றி எனக்கே வெற்றி என்று கொடுக்கிறார்கள். தாளைத் தூக்கிப் பிடித்தேன்.

"சார், கையெழுத்துப் போடாதீங்க. இந்தச் சோதனை செல்லாது. இதுல ஆசிட் இருக்கு."

தேர்வாளர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்பசேகரன் சார் அவசரமாக முன்னால் வந்து, பிள்ளைக்குப் பதற்றம், காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று சொல்லிச் சிரித்து, என்னைக் கையைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்.

"என்ன பிலோமி இது? வந்ததக் கெடுக்காத. அவரு போடட்டும்."

அவர் நெற்றி முழுக்க வேர்த்திருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. போண்டா பரிமாறப் போன நேரத்தில் அந்த அறையில் இருந்தது அவர் ஒருவர்தான்.

"நீங்களா சார்?"

அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சூண்டுதாம்மா. உனக்காகத்தான். அம்புட்டுப் பேரு முன்னால நீ அவமானப்பட்டு நிக்கக்கூடாதுன்னுதான்."

அவர் வேண்டுமென்றே கெடுதல் செய்யவில்லை. எங்கள் ஊர்க் கல்லூரிகளில் பிராக்டிகல் பரீட்சை எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும். வெளியூர்த் தேர்வாளர் காபி குடிக்கப் போனதும், மேஜை துடைக்கிற சாக்கில் அட்டெண்டர் வந்து, அந்த மாணவிக்குக் கொடுத்திருக்கும் உப்பின் பெயரைக் காதில் போட்டுவிட்டுப் போவார். கரைசல் நிறம் மாறாமல் சண்டித்தனம் செய்தால் ஆசிரியரே ஒரு துளி சேர்த்து மாற்றிவைப்பார். இதை யாரும் தப்பென்று நினைப்பதில்லை, பிள்ளைகள் பாஸாக வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும். முப்பது வருஷம் அப்படியே பிள்ளைகளைக் கரையேற்றிய கை, அன்றைக்கு என் மூடியையும் தூக்கியிருக்கிறது.

"நான் பரீட்சை எழுதற பிள்ளை இல்ல சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

தேர்வாளர் பேனாவை மூடியிருந்தார். குரலில் பழைய மரியாதை இல்லை. தான் எழுதியது சரிதான் போலிருக்கிறது என்றும், அமிலத்தைப் போட்டது யார் என்று தனக்குத் தெரிய வேண்டும் என்றும் சொன்னார். யார் என்று சொல்ல மாட்டேன், நான் போடவில்லை என்றேன். சொல்லாவிட்டால் நான்தான் போட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்றார். வாசலில் நின்ற இன்பசேகரன் சாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், பேசவில்லை.

"எப்படி வேணும்னாலும் எடுத்துக்கங்க. போட்டவளா இருந்தா நானே ஏன் தாளத் தூக்கிக் காட்டணும்? மறுபடியும் செய்வோம். இந்தத் தடவை நான் பாத்திரத்தத் தொடவே மாட்டேன்."

சாயங்காலம் ரயிலுக்குப் போக வேண்டும் என்று அவர் முணுமுணுத்தார். ரயிலுக்கு நேரம் இருக்கிறது என்று மொக்கையன் அண்ணன் பின்னாலிருந்து சொன்னார். அவரை யாரும் கேட்கவில்லை, ஆனால் அது வேலை செய்தது. தேர்வாளர் முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

மொக்கையன் அண்ணன் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவிக் கொடுக்கக் கொடுக்க, தேர்வாளர் ஒவ்வொரு தடவையும் அலசிய தண்ணீரில் லிட்மஸ் நனைத்துப் பார்த்தார். தாள் நீலமாக நின்ற பிறகுதான் விட்டார். அவரே தண்ணீர் ஊற்றினார், தைலம் ஊற்றினார், மூடினார், போல்ட் முடுக்கும்போது பக்கத்தில் நின்றார். சிலிண்டரையும் அவரே திறந்தார். நான் ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் தெரியும்படி உட்கார்ந்தேன். இன்னொரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டேன்.

"சார், நீங்களும் எங்கூட உக்காருங்க."

இன்பசேகரன் சார் வந்து உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். சாப்பாட்டுக்கு யாராவது கூப்பிட்டால் இரண்டு பேரும் தலையை மட்டும் ஆட்டினோம். ஹாலில் பாதிப் பேர் போய்விட்டார்கள். மீதிப் பேர் வாசலில் வந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். கடிகார முள் நின்ற இடத்தில் நின்றது. வெயில் ஜன்னல் வழியாக என் காலில் விழுந்து சுட்டது, நான் நகரவில்லை. தோற்றால் தோற்கட்டும், என் தோல்வியாக இருக்கட்டும் என்று பிடிவாதமாக நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது.

தேர்வாளர் வால்வைத் திறந்தார். மூடியைக் கழற்றியதும் இரண்டு வாசனையும் கலந்து வந்தன, எலுமிச்சை முன்னால், புதினா அதற்குப் பின்னால். அவர் முகர்ந்து பார்த்தார். டைட்ரேஷன் செய்தார். சந்தேகப்பட்டு இன்னொரு தடவையும் செய்தார். முப்பத்தெட்டு.

அவர் கரும்பலகையில் தொண்ணூற்றிரண்டு என்று முதல் தடவை எழுதியது அப்படியே இருந்தது. நான் எழுந்து போய் அதை அழித்துவிட்டு முப்பத்தெட்டு என்று எழுதினேன். அவர் யோசித்துக்கொண்டே சொன்னார், முப்பத்தெட்டுக்காக எந்தத் தொழிற்சாலையும் தன் அமிலத்தைக் கைவிடாது என்று. விட மாட்டார்கள்தான் என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் ஓடையில் எதையும் விடாமல் வந்த முப்பத்தெட்டு அது, அதை எழுபதாக்குவது எப்படி என்று யாராவது யோசிக்க வேண்டுமென்றால் முதலில் அது முப்பத்தெட்டு என்று தெரிய வேண்டும் என்றேன். அவர் உட்கார்ந்து, நான்கு அத்தியாயத்தையும் சேர்த்து ஏற்றுக்கொள்வதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை கைகுலுக்கவில்லை, கும்பிட்டார். சாரின் சேலைப் பொட்டலத்தை வாங்க மறுத்துவிட்டு ரிக்‌ஷாவில் ஏறி ரயிலடிக்குப் போனார்.

எல்லோரும் போன பிறகு அறையைப் பூட்ட வந்தேன். இன்பசேகரன் சார் பாத்திரத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். நான் வந்தது அவருக்குத் தெரியவில்லை. ஒரு நீல லிட்மஸ் தாளைக் கிழித்து உள்ளே நனைத்தார். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். இன்னொரு தாளை நனைத்தார். மூன்றாவதையும் நனைத்தார். எல்லாம் நீலமாகவே இருந்தன. குனிந்து மோந்து பார்த்தார். ஐந்து வருஷத்தில் அந்தப் பாத்திரத்துக்குள் அவர் எட்டிப் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

என்னைப் பார்த்ததும் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப இது நெசந்தானா பிலோமி?"

மன்னிப்புக் கேட்டிருந்தால் அழுதிருப்பேன். அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியம். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்து நின்றார்.

"அஞ்சு வருசமா அதத்தான் சார் சொல்லிக்கிட்டிருந்தேன்."

சாவியை மேஜையில் அவர் முன்னால் வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஆசிட் ஊற்றியதை அன்றைக்கே மன்னித்துவிட்டேன். அந்தக் கேள்வியை இன்னும் மன்னிக்கவில்லை.